நீருக்கடியில் கம்பியில்லாக் குரல் தொடர்பு: முக்குளிப்போருக்கான முழுமையான வழிகாட்டி

முழு முகமூடியுடன் கம்பியில்லாப் பேச்சுக் கருவியையும் வாங்க முனைவோர் முதலில் கேட்பது, அது எத்தனை மீட்டர் எட்டும் என்பதைத்தான். விளம்பரத்தாளில் அச்சிடப்படும் தூரம் அமைதியான, ஆழமான, இரைச்சல் குறைந்த நீருக்கு உரியது. அதே கருவி மன்னார் வளைகுடாவின் பவளத்திட்டு ஒன்றின் அருகிலோ துறைமுகச் சுவரை ஒட்டியோ அந்தத் தூரத்தில் கால் பங்கைக்கூட எட்டாமல் போகலாம். அப்போது பலரும் கருவியின் திறன் போதவில்லை என்று முடிவுகட்டி அதைவிட அதிக வாட் கொண்ட ஒன்றைத் தேடுகிறார்கள். என் கருத்தில், குரல் தெளிவைக் கட்டுப்படுத்தும் காரணிகளில் மிகக் குறைந்த பலன் தருவது திறன்தான். பேசுபவரின் வாயில் தொடங்கிக் கேட்பவரின் செவியில் முடியும் பாதையை வரிசையாகச் சரிபார்த்தால் அதைவிட அதிக முன்னேற்றம் கிடைக்கும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில் அமைந்துள்ளன. இவை முறையான முக்குளிப்புப் பயிற்சிக்கும், முழு முகமூடிக்கென்று தரப்படும் தனிப் பயிற்சிக்கும் மாற்றாக மாட்டா.

தொடங்கும் முன்: நீரில் ரேடியோ ஏன் உதவாது

கடல்நீர் உப்பினால் மின்சாரத்தைக் கடத்துவதால் ரேடியோ அலையை விரைவில் விழுங்கிவிடுகிறது. படகுகளில் உள்ள விஎச்எஃப் ரேடியோக் கருவி இயங்கும் 156 மெகாஹெர்ட்ஸ் அளவில், கடல்நீருக்குள் ஏறத்தாழ ஒவ்வொரு 2 சென்டிமீட்டருக்கும் அலையின் வீச்சு, முன்பு இருந்ததில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே கூடிய அளவாகச் சுருங்கும். ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கினாலும் அதே சுருக்கம் 25 சென்டிமீட்டரிலேயே நேர்ந்துவிடும். ஆகவே முக்குளிப்போருக்கான கம்பியில்லாக் கருவிகள் ரேடியோவை அல்ல, ஒலியையே பயன்படுத்துகின்றன. ஒலி கடல்நீரில் நொடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் வேகத்தில் செல்கிறது, காற்றில் செல்வதைப் போல நான்கு மடங்குக்கும் அதிகம்.

மைக் பிடித்த குரலில் 300 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியைக் கருவி எடுத்து, மனிதச் செவிக்கு எட்டாத உயர் அதிர்வெண் ஒன்றின் மேல் ஏற்றி, மின்துடிப்பை ஒலியாகவும் ஒலியை மின்துடிப்பாகவும் மாற்றும் ஒலிமாற்றி எனப்படும் டிரான்ஸ்டியூசர் வழியாக நீருக்குள் அனுப்புகிறது. கேட்பவரின் கருவி அதைத் திரும்ப இறக்கிக் குரலாக்குகிறது. இதற்குப் பரவலாகக் கையாளப்படும் முறை, ஏற்றிய அலையின் மேல்பட்டை, கீழ்பட்டை என்ற இரு பாதிகளில் ஒன்றை மட்டும் அனுப்பும் ஒற்றைப் பக்கப்பட்டை முறையாகும். 32.768 கிலோஹெர்ட்ஸ் பல கருவிகளில் முதன்மை அலைவரிசையாக உள்ளது. குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தின் படிகம் துடிப்பதும் இதே அதிர்வெண்ணில்தான். நீர்மூழ்கிக் கப்பல்களின் நீரடித் தொலைபேசி இதைவிட மிகத் தாழ்வாக, 8.0875 கிலோஹெர்ட்ஸில் இயங்குகிறது. தாழ்ந்த அதிர்வெண் கூடுதல் தூரம் செல்லும் என்றாலும் அதற்கு வேண்டிய ஒலிமாற்றி பெரியது. மனிதனின் தலையில் அதைக் கட்ட முடியாது.

திறனைப் பற்றிய கணக்கையும் இங்கேயே முடித்துவிடலாம். திறந்த நீரில் ஒலி எல்லாத் திசைகளிலும் விரிவதால், தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் அதன் அளவு 6 டெசிபெல் குறைகிறது. திறனை இரட்டித்தால் கிடைப்பது 3 டெசிபெல் மட்டுமே. அதாவது எட்டும் தூரத்தை இரட்டிக்க வேண்டுமானால் திறனை நான்கு மடங்காக்க வேண்டும், அதுவும் மற்ற எல்லாம் ஒத்துழைத்தால். உப்புநீர் தானாக ஒலியை உறிஞ்சும் இழப்பு இந்த அதிர்வெண்ணில் கிலோமீட்டருக்குச் சில டெசிபெல்தான். நூறு, இருநூறு மீட்டருக்குள் பேசும் முக்குளிப்போர் அதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

படி 1: வாயையும் மைக்கையும் சரிசெய்தல்

உருளையின் காற்றைச் சுவாசிக்கத் தரும், பற்களால் கடிக்கும் ரெகுலேட்டருடன் தெளிவாகப் பேச இயலாது, உதடுகளும் நாவும் அசைய இடம் வேண்டும். ஆகவே முழு முகமூடி அல்லது தலைக்கவசம் கட்டாயமாகிறது. முகமூடிக்குள் மூக்கையும் வாயையும் தனியே மூடும் சிறிய உறையில் மைக் பொருத்தப்பட்டிருக்கும். அது உதட்டுக்கு நேராகவும் மிக அருகிலும் இருக்க வேண்டும், ஆனால் உதட்டைத் தொடக் கூடாது. உறை முகத்தில் சரியாகப் படியாமல் கசிந்தால், குரலின் அளவு குறைவதோடு ரெகுலேட்டரின் சீறலும் மைக்கில் ஏறும். தாடி உள்ளவர்களுக்கு இந்தப் பொருத்தம் எளிதில் அமைவதில்லை.

அழுத்தமும் குரலை மாற்றுகிறது. 30 மீட்டர் ஆழத்தில் சுவாசிக்கும் காற்று, மேற்பரப்பில் உள்ளதைப் போல நான்கு மடங்கு அடர்த்தியானது. அதில் குரல் மூக்கடைத்ததுபோல் ஒலிக்கும். ஹீலியம் கலந்த வாயுவைச் சுவாசிப்பவரின் குரலோ மேலேறி வாத்தின் குரல்போல் ஆகிவிடும். அதைத் திருத்தவென்றே தனிக் கருவிகள் உள்ளன. காற்றையோ, ஆக்சிஜன் கூடிய நைட்ராக்ஸ் கலவையையோ சுவாசிப்பவருக்கு வேண்டிய திருத்தம் ஒன்றுதான்: வழக்கத்தைவிட மெதுவாக, வாயை நன்றாகத் திறந்து, கத்தாமல் பேச வேண்டும். கத்தினால் மைக் நிறைந்து குரல் சிதையும், காற்றும் வீணாகும்.

படி 2: ஒலிமாற்றியைக் கட்டும் இடம்

காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பு ஒலிக்குக் கண்ணாடி போன்றது. நீரிலிருந்து வரும் ஒலி ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் காற்றுக்குள் புகும், மீதி திரும்பிவிடும். முக்குளிப்போர் அணியும் நியோபிரீன் உடை, நுண்ணிய வாயுக் குமிழிகள் நிறைந்த ரப்பரால் ஆனது. முக்குளிப்பவரின் நுரையீரல், காற்று உருளை, மிதவைச் சட்டை ஆகிய அனைத்திலும் வாயு உண்டு. எனவே முக்குளிப்பவரின் உடலே ஒலிக்கு ஒரு தடுப்பாகிறது. ஒலிமாற்றியின் மேல் தலையுறையின் ஓரம் மடிந்து மூடியிருந்தால் அந்தக் கருவியை அணைத்துவைத்ததற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இராது.

நடைமுறையில் ஒலிமாற்றி தலைக்கு மேலோ பக்கவாட்டிலோ, முகமூடிப் பட்டைக்கு வெளியே, நீர் நேராகத் தொடும்படி நிற்க வேண்டும். தலையின் இடப்பக்கத்தில் அது இருந்தால் வலப்பக்கத்தில் உள்ள துணைவருக்குக் குரல் மங்கும். இது கருவியின் கோளாறு அன்று. நிழல் விழுந்திருக்கிறது, தலையைத் திருப்பினால் சரியாகும். பேச்சு மங்கினால் முதலில் செய்ய வேண்டியது ஒருவரை ஒருவர் நோக்கித் திரும்புவதே.

ஒலிமாற்றி, வெளிவிடும் குமிழிகள் மேலெழும் பாதையில் இருக்கவே கூடாது. குமிழி ஒவ்வொன்றுக்கும் அதன் அளவுக்கேற்ற இயல்பான அதிர்வெண் உண்டு. மேற்பரப்பை ஒட்டிய நீரில் 1 மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழி ஏறத்தாழ 3.3 கிலோஹெர்ட்ஸில் அதிரும், 0.1 மில்லிமீட்டர் ஆரமுள்ளது 33 கிலோஹெர்ட்ஸை ஒட்டி அதிரும். அதாவது கண்ணுக்குப் புகைபோல் தெரியும் நுண்குமிழிகள்தான் நமது அலைவரிசையைப் பிடித்து விழுங்குகின்றன. பெருங்குமிழிகள் எழுப்புவது பெரும்பாலும் இரைச்சல், நுண்குமிழிகள் செய்வது மறைப்பு. அலை உடையும் இடம், படகின் சுழலி கலக்கிச் சென்ற தடம், ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கும் குழுவின் குமிழித்திரை ஆகியவற்றுக்கு ஊடாகப் பேச முயல்வது வீண். பாக் நீரிணைப் பகுதியில் உள்ளதைப் போன்ற கடற்புல் படுகைகளும் நல்ல வெயிலில் ஆக்சிஜன் குமிழிகளை வெளியிடுவதால், அவற்றின் ஊடாகச் செல்லும் ஒலி தேயும். புல்லுக்குச் சற்று மேலே நின்று பேசுவது நல்லது.

படி 3: அலைவரிசையும் மின்கலமும்

எல்லாரும் ஒரே அலைவரிசையிலும் ஒரே பக்கப்பட்டையிலும் இருக்கிறார்களா என்பதைக் கரையிலேயே சரிபார்க்க வேண்டும். ஒருவர் மேல்பட்டையிலும் மற்றவர் கீழ்பட்டையிலும் இருந்தால் குரல் தலைகீழாகி ஒரு சொல்கூடப் புரியாது, ஆனால் ஏதோ கேட்கும். அந்த 'ஏதோ'தான் பலரை நீரின்மேல் பழிபோட வைக்கிறது. வேறுவேறு நிறுவனக் கருவிகளைக் கலந்து பயன்படுத்துவோர் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். மின்கலம் புதிதாகவோ முழுதாக ஏற்றப்பட்டதாகவோ இருக்கட்டும். கேட்பதற்குச் சிறிதளவு மின்சாரமே போதும், பேசும்போதுதான் அது வேகமாகக் கரையும். அதனால் தளர்ந்த மின்கலத்துடன் ஒருவருக்கு மற்றவர்கள் பேசுவது கேட்டுக்கொண்டே இருக்க, அவர் பேசுவது மட்டும் எவருக்கும் எட்டாமல் போகலாம்.

படி 4: வெப்ப அடுக்கை அறிதல்

முக்குளிப்போர் அதிகம் கவனிக்காத, ஆனால் அதிகம் ஏமாற்றும் காரணி இது. நீரில் ஒலியின் வேகம் வெப்பம், உப்பு, ஆழம் ஆகிய மூன்றையும் சார்ந்தது. நம் கடல்களின் வெதுவெதுப்பான நீரில் ஒரு டிகிரி செல்சியஸ் மாறினால் வேகம் நொடிக்கு 2 மீட்டருக்குச் சற்று மேலாக மாறும். ஒலி எப்போதும் வேகம் குறைந்த நீரை நோக்கி வளையும். ஆகவே மேலே சூடான நீரும் கீழே குளிர்ந்த நீரும் இருக்கும்போது, கிடைமட்டமாகச் செல்லும் குரல் மெல்லக் கீழ்நோக்கி வளைந்து, மேலடுக்கில் தொலைவில் இருப்பவரைத் தொடாமலே போய்விடும். அந்த இடத்தை ஒலிநிழல் எனலாம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மேலடுக்கு 30 டிகிரி, அதன்கீழ் 26 டிகிரி என்று கொள்வோம். வேக வேறுபாடு நொடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர், அதாவது நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் கீழிருந்து கிடைமட்டத்துக்கு 6 பாகைக்குக் குறைந்த சாய்கோணத்தில் அந்த எல்லையை வந்தடையும் ஒலி மேலே புகாமல் கீழே திரும்பிவிடும். எல்லைக்கு 10 மீட்டர் கீழே வேலை செய்பவரின் குரல், ஏறக்குறைய 90 மீட்டர் கிடைமட்டத் தொலைவுக்கு உட்பட்ட எல்லைப்பரப்பின் வழியாக மட்டுமே நேராக மேலே ஊடுருவ முடியும் என்று இதற்குப் பொருள். நேர் மேலே உள்ள படகுக்கு அவர் குரல் தெளிவாகக் கேட்கும். சற்றே தள்ளி மிதக்கும் மற்றொரு படகுக்கு, கருவியின் எட்டும் தூரத்துக்குள் இருந்தபோதும், அது கேட்காமல் போகலாம்.

1930களின் பிற்பகுதியில் கியூபாவின் குவாண்டனாமோ விரிகுடா அருகே அமெரிக்கக் கடற்படையின் சோனார்கள் (ஒலியால் நீருக்கடியில் பொருளைத் தேடும் கருவிகள்) காலையில் நன்றாக இயங்கிப் பிற்பகலில் மங்கியபோது, முதலில் பணியாளர்மேல்தான் ஐயம் எழுந்தது. வெயில் மேல்நீரைச் சூடாக்குவதே காரணம் என்று பின்னர் தெரிந்தது. 'பிற்பகல் விளைவு' என்ற பெயர் இதற்கு நிலைத்தது. காற்றில்லாத கோடை நாளில் நமது கடலிலும் நீர்த்தேக்கங்களிலும் இதே நிலை உருவாகலாம்.

இதை அறியத் தனிக் கருவி வேண்டியதில்லை. கையில் கட்டும் முக்குளிப்புக் கணினியில் உள்ள வெப்பமானியை இறங்கும்போது ஒவ்வொரு சில மீட்டருக்கும் ஒருமுறை பார்த்துச் சொன்னால் போதும். எந்த ஆழத்தில் வெப்பம் திடீரென்று இறங்குகிறதோ அதுவே எல்லை. பேச வேண்டிய இருவரும் எல்லையின் ஒரே பக்கத்தில் இருக்கும்படி வேலையைத் திட்டமிடுவது முதல் வழி. அது இயலாதபோது, ஒருவருக்கு நேர் மேலே மற்றவர் இருக்கும்படி நிற்பது இரண்டாவது வழி. ஆற்று முகத்துவாரங்களில் நன்னீர் மேலும் உப்புநீர் கீழுமாக நிற்கும்போதும் இதுபோன்ற எல்லை உருவாகும்.

நீரின் கலங்கல் இதற்கு நேர்மாறானது. கை நீட்டினால் விரல் தெரியாத கலங்கிய நீரிலும் குரல் தெளிவாகச் செல்லும். ஒலியின் அலைநீளம் 5 சென்டிமீட்டரை ஒட்டியிருக்க, மிதக்கும் மண்துகள் அதற்கு ஒரு பொருட்டே அன்று. கருவி மிகவும் பயன்படுவதும் அத்தகைய நீரில்தான்.

படி 5: ஆழமற்ற நீரும் சுவர்களும்

மேற்பரப்பு ஒலியைத் திருப்பி அனுப்புவதுபோல் பாறைத்தளமும் கான்கிரீட் சுவரும் கப்பலின் இரும்புப் பக்கமும் அனுப்பும். இதனால் ஒரே சொல் நேர்ப்பாதையிலும், மேலே பட்டும், கீழே பட்டும், சுவரில் பட்டும் வேறுவேறு நேரங்களில் வந்து சேருகிறது. பாதை வேறுபாடு 15 மீட்டர் என்றால் தாமதம் நூற்றில் ஒரு நொடி. 75 மீட்டரானால் இருபதில் ஒரு நொடி, அது தனி எதிரொலியாகவே கேட்கும். துறைமுகக் குளத்தில் குரல் பலமாகக் கேட்டும் சொல் புரியாமல் போவதற்கு இதுவே காரணம். இங்கே திறனைக் கூட்டினால் எதிரொலியும் சேர்ந்து கூடுமே தவிரத் தெளிவு கூடாது. திறனைத் தேர்ந்தெடுக்க வழியுள்ள கருவியானால் குறைந்த நிலையில் வைத்து, இடைவெளியைச் சுருக்கிப் பேசுவதே பலன் தரும்.

பல பாதைகளில் வரும் அலைகள் சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளவும் செய்யும். அலைநீளம் சிறிதாதலால் இந்த அழிவிடங்களும் சிறியவை. அரை மீட்டர் நகர்ந்தாலே குரல் மீண்டும் வந்துவிடக்கூடும். எனவே குரல் அறுந்தால் அதே இடத்தில் நின்றபடி மும்முறை கூப்பிடுவதைவிட, சற்று நகர்ந்து ஒருமுறை கூப்பிடுவது மேலானது. இருவருமே மேற்பரப்பை ஒட்டி நீந்தும்போது இந்தத் தொல்லை உச்சத்தில் இருக்கும். சேற்றுத்தளம் ஒலியை உறிஞ்சுவதால் அங்கு எதிரொலி குறைவு. உடைந்த கப்பலின் உள்ளறையில் இருப்பவருக்கும் வெளியில் இருப்பவருக்கும் இடையே பேச்சு நிலைக்கும் என்று எதிர்பார்க்கவே கூடாது. அங்கே வாசலில் ஒருவர் நின்று செய்தியை வாங்கிக் கடத்த வேண்டும்.

படி 6: இரைச்சலைக் கணித்தல்

கேட்பவருக்கு வேண்டியது குரலின் அளவு மட்டுமன்று, குரல் இரைச்சலைவிட எவ்வளவு மேலே நிற்கிறது என்பதே. வெப்பக் கடலின் ஆழமற்ற பவளத்திட்டுகளில் முதன்மையான இரைச்சல் ஒரு சிறு இறாலிடமிருந்து வருகிறது. பெரிய கவ்வுக் காலைச் சொடுக்கி இது ஒரு குமிழியை உண்டாக்குகிறது. ஒலி எழுவது கால்கள் மோதுவதால் அன்று, அந்தக் குமிழி நொறுங்குவதால் என்பதை 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. ஆயிரக்கணக்கில் இவை சேரும்போது எண்ணெயில் கடுகு வெடிப்பது போன்ற ஓயாத சடசடப்பு கேட்கும். அதன் ஆற்றல் சில கிலோஹெர்ட்ஸிலிருந்து நூறு கிலோஹெர்ட்ஸுக்கும் மேலே பரவியிருப்பதால் நமது அலைவரிசை அதன் நடுவில் மாட்டிக்கொள்கிறது. இரவிலும் அந்தி, வைகறைப் பொழுதுகளிலும் இந்தச் சடசடப்பு பொதுவாகக் கூடும்.

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே அமைந்த 21 தீவுகளைச் சுற்றிய திட்டுகளில் பேசுவோர், விளம்பரத்தாளின் தூரத்தை மறந்துவிட்டுப் பேச்சு இடைவெளியைத் தாமாகவே குறுக்கிக்கொள்வது நல்லது. அணையின் நீர்த்தேக்கத்தில் அதே கருவி வெகுதொலைவு எட்டுவதைக் கண்டவர்கள் நன்னீர் ஒலியைக் குறைவாக உறிஞ்சுவதைக் காரணமாகச் சொல்வார்கள். அந்த வேறுபாடு உண்மை. ஆனால் முக்குளிப்போரின் குறுகிய தூரத்தில் அதன் பங்கு மிகச் சிறிது. அங்கே இறால் இல்லை, படகுகளும் குறைவு என்பதே பெரிய காரணம்.

மனிதர் உண்டாக்கும் இரைச்சலை நாமே குறைக்கலாம். நமது படகின் இயந்திரம், நீர் இறைக்கும் பம்பு, உயர் அழுத்தத்தில் நீர் பீய்ச்சும் கருவி, ஒலித்துடிப்பால் ஆழம் அளக்கும் ஆழமானி ஆகியவற்றில் அணைக்கக் கூடியதை அணைத்துவைக்க வேண்டும். ஆழமானிகள் பல 50 கிலோஹெர்ட்ஸில் இயங்குவதால் அவற்றின் துடிப்பு ஒழுங்கான 'டிக், டிக்' என்று பேச்சின் ஊடே புகும்.

படி 7: படகில் உள்ள நிலையம்

படகிலிருந்து முக்குளிப்போருடன் பேசும் மேற்பார்வையாளரின் ஒலிமாற்றியைப் படகின் ஓரத்தில் ஒரு மீட்டர் கீழே தொங்கவிட்டு வேலை முடிந்ததென்று எண்ணுவது மிகப் பரவலான தவறு. அங்கே அலைக் குமிழியும், படகின் அடிப்பகுதி உண்டாக்கும் நிழலும், சூடான மேலடுக்கும் ஒருங்கே கூடியிருக்கின்றன. எடை கட்டி, படகின் அடிக்குக் கீழே பல மீட்டர் ஆழத்துக்கு, முடிந்தால் வெப்ப எல்லைக்கும் கீழே அதை இறக்க வேண்டும். சுழலியிலிருந்தும் நங்கூரச் சங்கிலியிலிருந்தும் விலகி இருக்கட்டும். நீரோட்டம் வடத்தை இழுத்துச் சாய்த்தால் எடையைக் கூட்ட வேண்டும். சாய்ந்த வடம் அதிர்ந்து இரைச்சல் எழுப்புவதோடு ஒலிமாற்றியையும் மேலே தூக்கிவிடும்.

படி 8: இறங்கியவுடன் சோதனை

சில மீட்டர் ஆழத்தில் நின்று ஒவ்வொருவரும் தம் பெயரையும் உருளையின் அழுத்தத்தையும் சொல்ல, மேலே இருப்பவர் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். 'கேட்கிறதா?', 'கேட்கிறது' என்ற உரையாடல் சோதனையாகாது. குரல் கேட்பது வேறு, எண் புரிவது வேறு. பிறகு வேலை நடக்கும் ஆழத்தில் ஒருமுறையும், மிக அதிக இடைவெளியில் ஒருமுறையும் இதையே செய்ய வேண்டும். அன்றைய நீரில் கருவி எட்டும் தூரம் இந்தச் சோதனையில்தான் தெரியவரும்.

படி 9: பேசும் ஒழுங்கு

ஒருவர் பேசும்போது மற்றவர் பேச முடியாது. ஆகவே முதலில் கேட்டு, அமைதி என்று உறுதிசெய்து, பொத்தானை அழுத்தி, ஒரு நொடி பொறுத்துப் பேசத் தொடங்க வேண்டும். முடித்தபின் ஒரு நொடி கழித்தே விரலை எடுக்க வேண்டும். குரலைக் கேட்டுத் தானே இயங்கத் தொடங்கும் கருவிகள் முதல் அசையை விழுங்கிவிடுவது வழக்கம், அவற்றில் பொருளற்ற ஓர் ஒலியை முன்னால் விட்டுப் பேசலாம். கேட்கும்போது ரெகுலேட்டரின் சீறலைக் குறைக்க மெதுவாக மூச்சு விட வேண்டும். மூச்சை அடக்கவே கூடாது.

தமிழில் பேசும் குழுக்களுக்கு இதில் தனிக் கவனம் தேவை. முப்பது, ஐம்பது, எண்பது, ஒன்பது ஆகியவற்றில் வேறுபடுவது முதல் பகுதி மட்டுமே. அதைக் குமிழியோ கருவியோ விழுங்கினால் மிஞ்சுவது '-பது' ஒன்றுதான். உருளையின் அழுத்தத்தில் எண்பது பாருக்கும் ஐம்பது பாருக்கும் இடையே உள்ள வேறுபாடு நீருக்கடியில் சிறியதன்று. எனவே எண்களை இலக்கமாகப் பிரித்து 'எட்டு, சைபர்' என்று சொல்லி, எதிர்முனையிலிருந்து திரும்பப் பெற வேண்டும். கட்டளையில் சிக்கல் சொல்லின் இறுதியில் இருக்கிறது. 'ஏற வேண்டும்', 'ஏற வேண்டாம்' இரண்டும் எதிரொலியில் ஒன்றாகிவிடும். எதிர்மறைக் கட்டளையை அறவே தவிர்த்து, 'அங்கேயே நில்' என்று செய்ய வேண்டியதை மட்டும் சொல்ல வேண்டும். நீரில் ஒலி வரும் திசையைச் செவி கணிக்காததால் 'இங்கே வா' என்பதற்கும் பொருளில்லை. வடம், சுவர், திசைகாட்டி எண் போன்ற அடையாளத்தைச் சொல்ல வேண்டும். நீண்ட பேச்சு காற்றைத் தின்னும், மூச்சிரைப்பையும் உண்டாக்கும்.

படி 10: தொடர்பு அறுந்தால்

இறங்கும் முன்பே இதற்கு உடன்பாடு வேண்டும். குரல் அறுந்தால் முகத்தைத் திருப்புதல், அரை மீட்டர் நகர்தல், இடைவெளியைக் குறைத்தல், நேர் மேலாகவோ நேர் கீழாகவோ வருதல் என்ற வரிசையில் முயல வேண்டும். குறித்த நேரத்துக்குள் பதில் வராவிட்டால் பணியை நிறுத்தித் துணைவருடன் சேர்ந்து, வழக்கமான வேகத்தில், வேண்டிய நிறுத்தங்களுடன் மேலேற வேண்டும். அந்த நேரம் எத்தனை நிமிடம் என்பதை மேற்பார்வையாளர் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். கைச்சைகைகள் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கலங்கிய நீரில் சைகையும் தெரியாது என்பதால் அங்கே இறங்குபவரை மேலே இருப்பவருடன் இணைக்கும் உயிர்க்கயிறு இன்றியமையாதது. கயிற்று இழுப்புக் குறிகள் அமைப்புக்கு அமைப்பு வேறுபடும். அமெரிக்கக் கடற்படை முறையில் மேலிருந்து நான்கு முறை இழுத்தால் 'மேலே வா' என்று பொருள், வேறோர் இடத்தில் பயின்றவருக்கு அது வேறாக இருக்கலாம். ஆகவே அன்றைக்குக் கடைப்பிடிக்கும் குறிகளைப் படகிலேயே எழுதி ஒட்டி, கயிறு பிடிப்பவரும் இறங்குபவரும் ஒருமுறை இழுத்துக் காட்டிய பின்னரே நீரில் இறங்க வேண்டும்.